யாரும் பேசாத ஆட்டம்

ஐந்தாவது இன்னிங்ஸ் முடிந்து கொட்டகைக்குள் வந்து முகக்கவசத்தைக் கழற்றிய பிறகுதான் டெல்பர்ட் ஸ்வோப் ஸ்கோர் பலகையை நிமிர்ந்து பார்த்தான். எதிரணியான பெக்ஸ்லியின் பெயருக்கு நேரே, எத்தனை ஹிட் அடித்தார்கள் என்று காட்டும் கட்டத்தில் ஒரு முட்டை. ஐந்து இன்னிங்ஸாக அவர்களில் ஒருத்தன்கூட எமெட்டின் பந்தை ஒழுங்காக அடித்துவிட்டு ஓடவில்லை.

எமெட் ட்ரஸ்கா அவனுடைய தங்கை புருஷன். வாரத்தில் ஆறு நாள் அவர்கள் ஊரான டாலிவரின் ரயிலடியில் இருக்கும் தானியக் கிடங்கில் கோதுமை இறக்குகிறவன். ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஊர் அணிக்குப் பந்து வீசும் பிட்சர். டெல்பர்ட் தீவனக் கடைக்காரன். அதே அணிக்குக் கேட்சர். மட்டைக்காரனுக்குப் பின்னால் குந்திக்கொண்டு எமெட் வீசுகிற பந்தைப் பிடிக்கிற வேலை. பதினோரு வருஷமாக அந்தக் கையிலிருந்து புறப்பட்ட பந்து இந்தக் கையில் வந்து விழுந்துகொண்டிருந்தது. எமெட் இவன் தங்கை ஜூனைக் கட்டிக்கொண்டதே இவன் வீட்டுக்குப் பந்து பழக வந்த சாக்கில்தான்.

1957, ஜூலை இரண்டாவது ஞாயிறு. கோதுமை அறுவடை மும்முரமாக நடந்துகொண்டிருந்த வாரம். கன்சாஸ் வெயில் கன்சாஸ்காரனுக்குப் புதிதில்லை, ஆனாலும் அன்றைக்குக் காற்றே இல்லை. கொடிக்கம்பத்தில் கொடி செத்துப்போய்த் தொங்கியது. பாதிரியார் காலைப் பிரசங்கத்தைப் பாதியில் முடித்துக்கொண்டார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். தெர்மாமீட்டர் நூற்று ஆறு டிகிரி ஃபாரன்ஹீட்டைக் காட்டியது. அந்த வெயிலில் பதினெட்டு பேர் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு ஆடினார்கள். பேஸ்பால் உடுப்பு கம்பளியில்தான் இருக்க வேண்டும் என்று எந்தப் புண்ணியவான் சொன்னானோ தெரியாது.

பேஸ்பால்காரர்களைப்போலச் சகுனம் பார்க்கிற கூட்டத்தை நான் எங்கேயும் கண்டதில்லை. மைதானத்தில் போட்ட சுண்ணாம்புக் கோட்டை மிதிக்கமாட்டான், ஜெயித்த நாள் போட்ட காலுறையைத் துவைக்கமாட்டான். இதிலெல்லாம் பெரிய விஷயம் நோ-ஹிட்டர். ஒன்பது இன்னிங்ஸில் இருபத்தேழு பேரை அவுட் ஆக்கவேண்டும், ஒரு ஹிட்கூடக் கொடுக்கக்கூடாது. ஆயுசு முழுக்க வீசினாலும் பெரும்பாலான பிட்சருக்கு அது வாய்க்காது. அப்படி ஒன்று நடந்துகொண்டிருக்கிறது என்று தெரிந்தவுடனே சொந்த அணிக்காரன் அதைப் பற்றி மூச்சு விடக்கூடாது. பிட்சரோடு பேசக்கூடாது. பக்கத்தில் உட்காரக்கூடாது. அவன் முகத்தை நேரே பார்ப்பதுகூடத் தப்பு. அது மட்டுமா, அந்த நேரத்தில் எவன் எங்கே உட்கார்ந்திருந்தானோ கடைசி வரைக்கும் அங்கேயே உட்கார வேண்டும், எந்தப் பொருள் எங்கே இருந்ததோ அங்கேயே இருக்க வேண்டும். ஒன்றை நகர்த்தினாலும் அதிர்ஷ்டம் நகர்ந்துவிடும்.

அன்றைக்கு எமெட் பெஞ்சின் இடது கோடியில் உட்கார்ந்திருந்தான். தண்ணீர் வாளியும் அகப்பையும் வலது கோடியில் இருந்தன. ஐந்தாவது இன்னிங்ஸ் முடிந்ததும் நடுவில் இருந்த ஏழெட்டுப் பேரும் ஒருத்தர் சொல்லாமலேயே வலது பக்கமாக நகர்ந்து நெருக்கிக்கொண்டார்கள். இடது பக்கம் பாதி பெஞ்சு காலியாகக் கிடந்தது. அந்தக் காலிக்கு அந்தப் பக்கம் எமெட் தனியாக, முழங்கையை முழங்காலில் ஊன்றி, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

டெல்பர்ட்டும் நகர்ந்தான். மற்றவர்களைவிட வேகமாகவே நகர்ந்தான். அதற்குக் காரணம் இருந்தது.

மூன்று வருஷம் முன்னால் இதே எமெட் இதே மாதிரி வீசினான். எட்டாவது இன்னிங்ஸ் வரைக்கும் பலகையில் முட்டை. டெல்பர்ட்டுக்கு வாய் சும்மா இருக்காது. பிட்சர் நிற்கிற மண்மேட்டுக்குப் போய், "மச்சான், இன்னும் நாலே பேருதான், தெரியுமில்ல?" என்று சொல்லிவிட்டான். அடுத்த பந்து வேலிக்கு மேலே பறந்தது. அன்றைக்கு எமெட் சிரித்துக்கொண்டே, விடு மச்சான், அவன் நல்லா அடிச்சான் என்று சொன்னான். ஊர் அப்படி விடவில்லை. அன்றிலிருந்து டெல்பர்ட்டுக்குக் கரிநாக்கு என்று பேர் ஆகிவிட்டது. தீவனம் வாங்க வருகிறவன்கூட, மழை வரும்னு நீ சொல்லிடாதே அப்பா என்று கிண்டல் செய்தான். தங்கை ஜூன் நாலு மாதம் அவனோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. எமெட் அழுததை அவள் ஒருத்திதான் பார்த்தாள். அதை அவள் அண்ணனிடம் சொன்ன நாளில்தான் டெல்பர்ட் தனக்குள் சத்தியம் செய்துகொண்டான். இன்னொரு தடவை இப்படி அமைந்தால் உயிரே போனாலும் வாயைத் திறப்பதில்லை.

அதற்கு முன்னால் அவனுக்கு வேறு பேர் இருந்தது, பஞ்சாங்கம். பேஸ்பாலில் நடந்த விசித்திரம் அத்தனையும் தேதியோடு நாக்கு நுனியில் வைத்திருப்பான். வெளியூர் ஆட்டத்துக்கு மேனேஜர் வால்ட் ப்ரூயிட்டின் டிரக்கில் பின்னால் ஏறிக்கொண்டு போகும்போது அவிழ்த்துவிடுவான். செயின்ட் லூயிஸில் மூன்றடி ஏழு அங்குலக் குள்ளனை மட்டை பிடிக்க அனுப்பினார்கள், சட்டை எண் எட்டில் ஒன்று, அவனுக்கு எந்த உயரத்தில் வீசுவது என்று தெரியாமல் பிட்சர் திணறிப்போனான் என்பான். 1920ல் பாஸ்டனில் இருபத்தாறு இன்னிங்ஸ் ஆடி ஒன்றுக்கு ஒன்று என்று ஆட்டம் சமனில் முடிந்தது, இரண்டு பிட்சரும் முதல் பந்திலிருந்து கடைசிப் பந்து வரை அவர்களே வீசினார்கள் என்பான். அவனுக்கு ரொம்பப் பிடித்தது மின்னல் விழுந்த பிட்சர் கதை. கிளீவ்லண்டில், ஒன்பதாவது இன்னிங்ஸில், ஒரே ஒரு ஆள் பாக்கி இருக்கும்போது வானத்திலிருந்து இடி இறங்கி பிட்சரைக் கீழே தள்ளியது. எழுந்து மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டு அந்தக் கடைசி ஆளையும் அவுட் ஆக்கிவிட்டுத்தான் போனான். இதைச் சொல்லும்போது டெல்பர்ட்டுக்கு மயிர்க்கூச்செறியும். பசங்கள் நூறு தடவை கேட்டிருந்தார்கள். பிட்சர் என்றால் இடி விழுந்தாலும் நிற்பான் என்று அந்த டிரக்கில் போன அத்தனை பேர் மண்டையிலும் ஏற்றி வைத்தது இவன்தான்.

ஆறாவது இன்னிங்ஸில் எமெட் மூன்று பேரை வரிசையாக அனுப்பினான். வியர்வை அவன் தொப்பி விளிம்பிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. நாலாவது இன்னிங்ஸ் வரைக்கும் அவனே எழுந்துபோய் இரண்டு அகப்பை தண்ணீர் குடித்துவிட்டு வந்தான். ஐந்தாவதுக்குப் பிறகு அவன் எழுந்திருக்கவில்லை. எல்லோரும் அந்தக் கோடியில் அடைந்துகொண்டு அவனைப் பார்க்காமல் உட்கார்ந்திருக்கும்போது அவன் எப்படி வருவான்? டெல்பர்ட் அதைக் கவனித்தான். சரி, அடுத்த இன்னிங்ஸில் குடிப்பான் என்று நினைத்துக்கொண்டான்.

ஏழாவது இன்னிங்ஸில் பெக்ஸ்லிக்காரர்கள் ஆரம்பித்தார்கள். சகுனத்தைக் கெடுப்பது எதிரணியின் உரிமை. அவர்கள் எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். ஹார்லன் ஸ்டூப்ஸ் என்று ஒரு தடியன், பந்தை அடித்தவன் ஓடிச் சேர வேண்டிய முதல் பேஸ் பக்கம் நின்று அவர்கள் ஆட்களுக்கு வழி சொல்கிறவன், கையைக் குவித்துக்கொண்டு கத்தினான்.

"எமெட்டு, டேய், பலகையைப் பாத்தியா? ஒரு ஹிட்கூட இல்லடா! கை நடுங்குமே இப்போ!"

இந்த மாதிரிக்கு எமெட் வழக்கமாக ஏதாவது பதில் கொடுப்பான். ஸ்டூப்ஸின் தொந்தியைப் பற்றி அவனிடம் ஒரு பட்டியலே இருந்தது. அன்றைக்குத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஜனங்கள் அதைப் பார்த்து, ஆகா, என்ன நெஞ்சுரம் என்று முணுமுணுத்தார்கள். டெல்பர்ட்டுக்கும் பெருமையாகத்தான் இருந்தது. இரண்டு பேர் அவுட் ஆன பிறகு பந்தைத் திருப்பி எறியும்போதுதான் அவன் எமெட்டின் முகத்தைப் பார்த்தான். முகம் செக்கச்செவேல் என்று இருந்தது. ஒரு சொட்டு வியர்வை இல்லை. தொப்பி விளிம்பில் உப்பு வெள்ளையாகக் காய்ந்து கிடந்தது.

தீவனக் கடைக்காரனுக்கு மாடு தெரியும். வெயிலில் நின்ற மாடு வேர்ப்பதை நிறுத்தினால் என்ன அர்த்தம் என்பது நன்றாகவே தெரியும். அப்படிப்பட்ட மாட்டுக்கு அவன் ஓடிப்போய்த் தண்ணீர் ஊற்றியிருப்பான்.

அந்த இன்னிங்ஸின் பிற்பாதியில் டாலிவர் அணி மட்டை பிடித்தபோது எமெட்டின் முறையும் வந்தது. மட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு போய் நின்றான். மூன்று பந்து வந்தது. மூன்றுக்கும் அவன் அசையவில்லை. அவுட் என்று அம்பயர் கை காட்டிய பிறகும் அங்கேயே நின்றான். அம்பயர் முதுகில் தட்டி, போப்பா, முடிஞ்சுது என்றதும்தான் கிளம்பினான். அவன் நடந்தது கொட்டகைப் பக்கம் இல்லை, பெக்ஸ்லிக்காரர்கள் பக்கம். நாலு எட்டு போனவன் நின்று, சுற்றிப் பார்த்துத் திரும்பி வந்தான். ஜனங்கள் சிரித்தார்கள். நோ-ஹிட்டர் வீசுகிறவனுக்கு வேறு நினைப்பே இருக்காது, பித்துப் பிடித்த மாதிரிதான் இருப்பான் என்று ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கொண்டார்கள். தன் இடத்துக்கு வந்த எமெட் பெஞ்சைக் கையால் தடவிப் பார்த்து உட்கார்ந்தான். அவன் உடம்பு லேசாக நடுங்கியது. நூற்று ஆறு டிகிரி வெயிலில் மனுஷன் குளிரில் நடுங்குகிற மாதிரி நடுங்கினான்.

டெல்பர்ட் எழுந்தான். அகப்பையைத் தண்ணீரில் முக்கி எடுத்துக்கொண்டு இடது பக்கமாக இரண்டு அடி வைத்தான். கிளைட் ஓபர்ஹோல்ட் என்று முதல் பேஸில் நிற்கிறவன், எப்போதும் ஏதாவது தமாஷ் பண்ணிக்கொண்டிருக்கிறவன், டெல்பர்ட்டின் மணிக்கட்டை இறுகப் பிடித்தான். தலையை மட்டும் இப்படியும் அப்படியும் ஆட்டினான். அகப்பைத் தண்ணீர் தரையில் கொட்டியது. பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் டெல்பர்ட்டைப் பார்த்தார்கள். கரிநாக்கு என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, சொல்லவும் வேண்டியிருக்கவில்லை.

டெல்பர்ட் கையை உதறிக்கொண்டு மேனேஜர் வால்ட்டிடம் போனான். வால்ட் ஊரில் முடி திருத்துகிறவர். கெட்ட மனுஷர் இல்லை.

"தலைவரே, அவனுக்கு வேர்க்கல."

"வேர்க்கலன்னா நல்லதுதானே? பந்து வழுக்காது."

"நடுங்கறான்."

"நடுங்கத்தான் செய்வான். எனக்கே நடுங்குது." வால்ட் குரலைத் தாழ்த்தினார். "டெல்பர்ட்டு, மின்னல் விழுந்தவன் கதை நீதானே சொன்னே? அவனே எந்திரிச்சு முடிச்சான். இது வெறும் வெயிலு. ஆறு பேருதான் பாக்கி. இன்னொரு தடவை நீ கெடுத்தேன்னு வையி, நான் மன்னிச்சாலும் ஊரு மன்னிக்காது. பேசாம உக்காரு."

டெல்பர்ட் வேலிக்கு அந்தப் பக்கம் பார்த்தான். மரப் படிக்கட்டில் மூன்றாவது வரிசையில் ஜூன் உட்கார்ந்திருந்தாள். காகித விசிறியைக்கூட வீசாமல் மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். அண்ணன் எழுந்ததையும் அகப்பை எடுத்ததையும் அவள் பார்த்திருக்கிறாள். அவன் கண்ணைச் சந்தித்ததும் விரலை உதட்டில் வைத்தாள். மிரட்டலாக இல்லை, கெஞ்சினாள். அவள் உட்கார்ந்த இடத்திலிருந்து எமெட்டின் முதுகும் தொப்பியும் மட்டும்தான் தெரியும். முகம் தெரியாது. முகம் தெரிந்தவன் டெல்பர்ட் ஒருத்தன்தான்.

அவன் உட்கார்ந்துவிட்டான். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கொஞ்சம் தண்ணீர், ஒரு பெஞ்சு தூரம். கட்டின பெண்டாட்டி, கூடப்பிறந்தவன் மாதிரி இருந்த மச்சான், பதினோரு வருஷம் ஒன்றாகத் தின்ற கூட்டாளிகள், அத்தனை பேரும் அவன்மேல் உயிரை வைத்திருந்தார்கள். ஒருத்தனும் அசையவில்லை.

எட்டாவது இன்னிங்ஸில் எமெட்டின் பந்தில் வேகம் போய்விட்டது. நடந்துவருகிற மாதிரி வந்தது. பெக்ஸ்லிக்காரர்கள் ஏழு இன்னிங்ஸ் வேகமான பந்தையே பார்த்துப் பழகியவர்கள். இதைச் சூழ்ச்சி என்று நினைத்தார்கள். பந்து வருவதற்கு முன்னாலேயே மட்டையைச் சுழற்றி வெறுங்காற்றை அடித்தார்கள். ஸ்டூப்ஸ் தொப்பியைத் தரையில் அடித்து, என்ன மாயம்டா பண்றான் என்று கத்தினான். டெல்பர்ட் விரலால் காட்டுகிற சைகை எதுவும் எமெட்டுக்குப் புரியவில்லை. வேகமாக என்று காட்டினால் மெதுவாக வந்தது, வெளியே என்று காட்டினால் உள்ளே வந்தது. கொஞ்ச நேரத்தில் டெல்பர்ட் சைகை காட்டுவதையே விட்டுவிட்டான். வருவதைப் பிடித்தான்.

வலது வேலிக்கு அப்பால், ஒற்றை நிழல் மரத்தடியில், ஊர்ச் சவ அடக்கக்காரரின் நீளமான கறுப்பு வண்டி நின்றது. டாலிவரில் ஆம்புலன்ஸும் அதுதான். எல்லா ஞாயிற்றுக்கிழமையும் அங்கேதான் நிற்கும், யாரும் அதைப் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. அன்றைக்கு டெல்பர்ட் குந்தி உட்கார்ந்து எமெட்டைப் பார்த்த ஒவ்வொரு தடவையும் அந்த வண்டி அவன் தோளுக்குப் பின்னால் தெரிந்தது. எட்டாவது முடிந்ததும் டெல்பர்ட், இன்னும் மூன்று பேர், மூன்றே பேர், முடிந்ததும் வாளியோடு தூக்கித் தலையில் கொட்டிவிடலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

ஒன்பதாவது இன்னிங்ஸ் தொடங்கியபோது மைதானத்தில் ஐந்நூறு பேர் இருந்தார்கள். ஒரு குழந்தை அழுகிற சத்தம்தான் கேட்டது. டாலிவர் இரண்டு ரன் முன்னால். முதல் ஆள் காற்றை அடித்து அவுட். அடுத்தவனுக்கு எமெட் நாலு பந்தையும் கண்ட இடத்தில் எறிந்தான். விதிப்படி அவன் அடிக்காமலேயே முதல் பேஸுக்கு நடந்து போனான். அதனால் நோ-ஹிட்டர் கெடாது. மூன்றாமவன் தட்டிய பந்து கிளைடின் காலடிக்கே உருண்டு வந்தது. இரண்டு அவுட். நாலாமவனும் சும்மா நடந்தான். கடைசியாக ஒரே ஆள் பாக்கி. எமெட் மேட்டில் நின்று பந்தைக் கையில் வைத்துக்கொண்டு அதையே உற்றுப் பார்த்தான். வீசவில்லை. அம்பயர் இரண்டு தடவை கூப்பிட்டார். கிளைட் தன் காலைப் பார்த்தான். யாரும் மேட்டுப் பக்கம் போகவில்லை. வேறு வழியில்லாமல் டெல்பர்ட் போனான்.

கிட்டே போனதும் அனல் அடித்தது. பந்தைச் சரியாகக் கொடுக்கிற பாவனையில் எமெட்டின் கையைப் பிடித்தான். இஸ்திரி போட்டு எடுத்த துணியைப்போலச் சுட்டது, அப்படிக் காய்ந்திருந்தது. எமெட் நிமிர்ந்தான். அவன் கண் டெல்பர்ட்டைத் தேடிப் பிடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. உதடு வெடித்திருந்தது. நாக்குத் தடித்து, சொல் குழறியது. ஆனாலும் ஒவ்வொரு சொல்லும் டெல்பர்ட்டுக்குத் தெளிவாகக் கேட்டது.

"மச்சான், நான் என்ன தப்புப் பண்ணேன்?"

டெல்பர்ட் பந்தை அவன் விரல்களுக்குள் வைத்து அழுத்தினான்.

"ஏன் யாரும் எங்கிட்ட பேசமாட்டேங்கறீங்க? பக்கத்துலகூட உக்காரமாட்டேங்கறாங்க. ஜூனுக்கும் எம்மேல கோவமா?"

அவனுக்குத் தெரியவில்லை. என்ன ஆட்டம், எத்தனையாவது இன்னிங்ஸ், பலகையில் என்ன இருக்கிறது, எதுவுமே தெரியவில்லை. நோ-ஹிட்டர் வீசுகிறோம் என்பதே அந்த மனுஷனுக்குத் தெரியாது. எப்போதிலிருந்து தெரியாதோ. ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு எந்த அதிர்ஷ்டத்தைக் காத்ததோ அது அவன் தலைக்குள் இல்லவே இல்லை. எல்லோரும் தன்னை ஒதுக்கிவைத்துவிட்டார்கள் என்பது மட்டும்தான் இருந்தது.

டெல்பர்ட்டின் தொண்டை வரைக்கும் வார்த்தை வந்தது. இல்லடா, கோவம் யாருக்குமில்ல, உக்காரு, நான் தண்ணி கொண்டுவரேன் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? கிளைட் பார்த்துக்கொண்டிருந்தான். வால்ட் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது வரிசையில் ஜூன் எழுந்து நின்றுவிட்டாள், இரண்டு கையையும் கோத்து வாயில் வைத்திருந்தாள். ஒரே ஆள். டெல்பர்ட் கையுறையால் எமெட்டின் தோளில் இரண்டு தட்டு தட்டினான். திரும்பி நடந்து போய் முகக்கவசத்தை மாட்டிக்கொண்டு குந்தினான்.

எமெட் வீசினான். எப்படி வீசினான் என்று கேட்காதீர்கள். வீசிப் பழகிய கை. பந்து மெதுவாக, உயரமாக வந்தது. பெக்ஸ்லிக்காரன் ஆசைப்பட்டு ஓங்கி அடித்தான். மட்டையின் விளிம்பில் பட்டு நேரே மேலே போயிற்று. டெல்பர்ட் முகக்கவசத்தைக் கழற்றி எறிந்துவிட்டு நிமிர்ந்தான். வெள்ளை வானத்தில் பந்து ஒரு புள்ளியாக நின்று, பிறகு பெரிதாகிக்கொண்டே வந்து அவன் கையுறைக்குள் விழுந்தது.

அப்புறம் வெடித்த சத்தத்தை டாலிவர் அதற்கு முன்னாலும் கேட்டதில்லை, பின்னாலும் கேட்டதில்லை. நாலு இன்னிங்ஸாகப் பேசாதவர்கள் எல்லோரும் ஒரே சமயத்தில் பேசினார்கள். எமெட், எமெட் என்று கத்திக்கொண்டு நாலா பக்கத்திலிருந்தும் மேட்டைப் பார்த்து ஓடினார்கள். எமெட் அவர்களைப் பார்க்கவில்லை. யாரோ அந்தப் பக்கமிருந்து கூப்பிட்டதுபோலத் திரும்பி, ஆளில்லாத புல்வெளியைப் பார்த்து நடந்துகொண்டிருந்தான். பத்து அடி போனான். முழங்கால் மடிந்து, பக்கவாட்டில் சாய்ந்தான். முதலில் போய்ச் சேர்ந்த கிளைட் விளையாட்டு என்று நினைத்து அவன்மேலேயே விழுந்து கட்டிக்கொண்டான். கிளைட் போட்ட அலறலில்தான் மற்றவர்கள் நின்றார்கள்.

தண்ணீர் வந்தது. அந்த வாளி, குளிர்பானக் கடைக்காரரின் ஐஸ் தொட்டி, தீயணைப்புக் குழாய் எல்லாம் வந்தது. கறுப்பு வண்டி ஆஸ்பத்திரிக்கு முப்பது மைலை இருபத்து மூன்று நிமிஷத்தில் போயிற்று. டெல்பர்ட்டும் ஜூனும் பின்னால் இரண்டு பக்கமும் உட்கார்ந்து ஐஸை அவன் நெஞ்சில் தேய்த்துக்கொண்டே போனார்கள். டெல்பர்ட் வழி முழுக்கப் பேசினான். டேய் எமெட், கேக்குதா, ஒரு ஹிட்கூட இல்லடா, நீ முடிச்சுட்டே, யாருக்கும் உம்மேல கோவமில்ல என்று தொண்டை கட்டுகிற வரைக்கும் சொன்னான். எமெட்டின் கண் பாதி திறந்திருந்தது.

ஆஸ்பத்திரியில் சின்ன வயசு டாக்டர் வெளியே வந்து, அவருக்கு வேர்க்கிறது எப்ப நின்னுது, யாராவது கவனிச்சீங்களா என்று கேட்டார். ஜூன் இல்லை என்று தலையாட்டினாள். எந்த விவரத்தையும் மறக்காத டெல்பர்ட், ஏழாவது இன்னிங்ஸ், ரெண்டு அவுட் ஆன பிறகு என்று சொன்னான். டாக்டர், அப்பவே நிழல்ல படுக்கவெச்சுத் தண்ணி கொட்டியிருந்தா, என்று ஆரம்பித்து, முடிக்காமல் உள்ளே போய்விட்டார்.

ஏழேகால் மணிக்கு, வெளியே இன்னும் வெயில் காய்ந்துகொண்டிருக்கும்போதே, எமெட் இறந்துபோனான். வயசு முப்பது.

ஜூன் அழவில்லை. நடையில் போட்டிருந்த மர நாற்காலியில் உட்கார்ந்து, ஈரமாயிருந்த பாவாடை விளிம்பைப் பிழிந்துகொண்டிருந்தாள். வால்ட்டும் மற்றவர்களும் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு தூரத்தில் நின்றார்கள். டெல்பர்ட் இன்னும் காலில் கேட்சர் கட்டும் பட்டைகளைக் கழற்றாமல் அவள் முன்னால் நின்றான். அவள் தலையைத் தூக்கினாள்.

"அண்ணே, கடைசியா நீ மேட்டுக்குப் போனப்ப அவன் உங்கிட்ட என்னமோ சொன்னானே. என்ன சொன்னான்?"

உன் பேரைத்தான் சொன்னான் என்று சொல்லியிருக்கலாம். அது பொய்கூட இல்லை. டெல்பர்ட் அதை நினைத்தான். ஆனால் அன்றைக்கு விழுங்கிய வார்த்தைகளே அவன் நெஞ்சில் போதுமான அளவு இருந்தன. ஒன்று விடாமல் சொன்னான். என்ன தப்புப் பண்ணேன்னு கேட்டான், ஏன் யாரும் பேசலைன்னு கேட்டான், உனக்கும் கோவமான்னு கேட்டான்.

ஜூனின் கை பாவாடையில் அப்படியே நின்றுவிட்டது. குரலே எழும்பாமல் கேட்டாள்.

"நீ என்ன பதில் சொன்னே?"

"ஒண்ணும் சொல்லல, ஜூன்."